இடக்கையன் பிடித்த மிசின் வாள்

சென்ற மாதம் எனக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. ஓய்வு பெற்று மூன்று வருடமாகி, பேரப்பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்குவதே உத்தியோகமாகிவிட்ட ஒருவனுக்குச் சுற்றறிக்கை வருவது பெரிய மரியாதை. அனுப்பியவர் பர்ஹானா மிஸ். கல்முனையில் நான் வேலை செய்த இலாகாவின் இப்போதைய தொழில்நுட்ப அதிகாரி. எந்த இலாகா என்று எழுதமாட்டேன். வீதியோர மரங்களை வெட்டும் இலாகா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியம் இன்னும் அவர்களிடமிருந்துதான் வருகிறது.

சுற்றறிக்கையின் தலைப்பு: ‘சங்கிலி வாள் பாவனையில் இடதுகைப் பழக்கமுடைய ஊழியர்கள்’. காகிதத்தில் அது சங்கிலி வாள். எங்கள் வாயில் எப்போதும் மிசின் வாள்தான். இடக்கைக்காரர்களிடம் இனிமேல் மிசின் வாளைக் கொடுக்கக்கூடாது, இப்போது வைத்திருப்பவர்களிடமிருந்து உடனடியாக மீளப்பெற வேண்டும் என்பது அதன் சாரம். கூடவே ஒரு படிவம். பெயர், பதவி ஆகியவற்றுக்குப் பிறகு ஒரு கேள்வி: ‘இடதுகைப் பழக்கம் எப்போது ஏற்பட்டது?’ அடுத்தது: ‘இதற்காகச் சிகிச்சை பெற்றுள்ளாரா?’ கடைசியில் ஒரு இணைப்பு. அதில் ஒரே ஒரு வரி. ‘இடதுகைப் பாவனையால் பதிவான சம்பவங்கள்: ஒன்று.’

படித்து முடிப்பதற்குள் பர்ஹானா மிஸ் தொலைபேசியில் வந்துவிட்டார். வயதில் மூத்தவனைக் ‘காக்கா’ என்பது எங்கள் ஊர் வழக்கம்.

“காக்கா, அந்த ஒண்டு நீங்கதானே?”

“ஓம் மிஸ். நான்தான்.”

“நவாஸிட்ட இருந்து மிசின எடுக்கச் சொல்லி இரிக்கி. அவரும் இடக்கைதான். பன்னிரண்டு வருசமா ஒரு கீறல் இல்லாம வேல செய்றாரு. மிசின எடுத்தா அவர எங்க போடுற எண்டு எனக்குத் தெரியல்ல. என்ன நடந்த எண்டு நீங்க எழுதித் தந்தா நான் மேலுக்கு அனுப்பலாம்.”

“எவ்வளவு எழுதுற?”

“நடந்தத எழுதுங்க காக்கா.”

நடந்ததை யாரும் என்னிடம் எழுத்தில் கேட்பது இது இரண்டாவது தடவை. முதல் தடவை கேட்டவர்கள், எழுதியதைப் படிக்கவில்லை. ஆகவே இந்த முறை கொஞ்சம் விபரமாக எழுதுகிறேன்.

நான் சாய்ந்தமருது. வாப்பா கடல்தொழில். பிறக்கும்போதே இடக்கையன். சாப்பாட்டுக்கு வலக்கை என்று உம்மா சொன்னதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. அதை நான் சந்தோசமாகவே பழகிக்கொண்டேன். ஆனால் எழுத்துக்கும் வலக்கை என்றார் பாடசாலை வாத்தியார். பந்தெறியவும் வலக்கை என்றார்கள் தெருவில். கோலியடிப்பதற்கு எந்தக் கை என்று மட்டும் ஏனோ யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. அந்த ஒரு விளையாட்டில் நான் ஊருக்கே மன்னன்.

இருபத்திரண்டு வயதில் இலாகாவில் தொழிலாளியாகச் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் கோடரி. கோடரிக்கு இடம் வலம் தெரியாது. யார் எந்தப் பக்கம் நின்று போட்டாலும் வெட்டும். பிறகு ஒருநாள் மிசின் வாள்கள் வந்து இறங்கின. எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி. முதல் நாள் திறப்பு விழா. இரண்டாம் நாள் திரையில் படம் காட்டினார்கள்; படத்தில் பனி பெய்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் சான்றிதழ். மிசினைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்ததாக எனக்கு நினைவில்லை. “சேர், இடக்கைக்காரன் எப்படிப் பிடிக்கிற?” என்று மட்டும் நான் கேட்டேன். வந்திருந்த அதிகாரி தன் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, “அப்படி ஆக்கள் இதில் இல்லை” என்றார்.

இல்லாத ஆளாக இருந்தாலும் சம்பளத்துக்கு வேலை செய்ய வேண்டுமே. நானே ஒரு பிடியைக் கண்டுபிடித்தேன்.

மிசின் வாளுக்கு இரண்டு பிடிகள் உண்டு. பின்பிடியில் வேகத்தைக் கூட்டும் விசை இருக்கும். முன்பிடி ஒரு வளையம் மாதிரி, மிசினைத் தாங்குவதற்கு. அந்த வளையத்துக்கு முன்னால் கையை மறைக்கிற மாதிரி ஒரு தட்டு நிற்கும். அதுதான் பிறேக். வாள் துள்ளினால் முன்கையின் மணிக்கட்டு அந்தத் தட்டில் இடிபடும். சங்கிலி அந்தக் கணமே நின்றுவிடும். செய்தவன் இதையெல்லாம் வலக்கை பின்னால், இடக்கை முன்னால் என்று நினைத்துத்தான் செய்திருக்கிறான். நான் அதை அப்படியே மாற்றிப் பிடித்தேன். இடக்கை விசையில், வலக்கை முன்னால். நாலு வருடம் அப்படி வெட்டினேன். நன்றாகவே வெட்டினேன். அக்கரைப்பற்று வீதியில் பெரிய மரம் ஏதும் சரிந்தால் “இடக்கையனைக் கூப்பிடு” என்பார்கள். மேலதிகாரிகள் வந்து நின்று பார்த்துப் பாராட்டினார்கள். ஒருவருக்கும் என் கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. மரம் எங்கே இருக்கிறது என்றுதான் பார்த்தார்கள்.

அப்போதுதான் எங்கள் வேலையை மேற்பார்க்கச் சிவபாதம் ஓவசியர் மாற்றலாகி வந்தார்.

காரைதீவுக்காரர். ஒல்லியான மனிதர். காதில் பென்சில், கக்கத்தில் குடை. மழைக்கும் விரிக்கமாட்டார், வெயிலுக்கும் விரிக்கமாட்டார். அந்தக் குடை எதற்கு என்று எங்களுக்குள் ஒரு போட்டியே நடந்தது. தன்னைவிட வயது கூடியவர்களையும் “தம்பி” என்பார். சத்தம் போடமாட்டார். ஒரு மரத்துக்கு முன்னால் கொண்டுபோய் விட்டால் அதை மூன்று தடவை சுற்றி வருவார். முதல் சுற்றில் அடியைப் பார்ப்பார். இரண்டாவதில் கொப்புகளைப் பார்ப்பார். மூன்றாவதில் மரத்தைப் பார்க்கவேமாட்டார். வீடு, கம்பி, வேலி, கட்டியிருக்கும் மாடு என்று சுற்றுப்புறத்தைப் பார்ப்பார். பிறகு வெட்டுகிறவனுக்கு முன்னால் வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“விழுந்தா எங்க ஓடுவாய்?”

அதற்கு விரலால் வழியைக் காட்ட வேண்டும். காட்டினால் போதாது, மிசினை வைத்துவிட்டு அந்த வழியில் ஒருமுறை நடந்து காட்ட வேண்டும். வழியில் கல்லோ கொப்போ கிடந்தால் அவரே குனிந்து எடுத்துப்போடுவார். அதற்குப் பிறகுதான் கயிற்றை இழுத்து மிசினைக் கிளப்ப விடுவார். ஒரு தென்னை வெட்டுவதற்கு இத்தனை சடங்கா என்று நாங்கள் பகிடி பண்ணினோம். நவாஸின் மாமா ஒருவர் அப்போது எங்களோடு வேலை செய்தார். “இவரு கலியாணத்துக்கு முந்தியும் இப்படித்தான் கேட்டிருப்பாரு” என்பார்.

வந்த இரண்டாம் நாள் நான் ஒரு வேம்பை வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றவர், குடையால் என் தோளில் தட்டினார்.

“மிசின நிப்பாட்டு தம்பி.”

நிறுத்தினேன்.

“ஆரு உனக்கு இப்படிப் பிடிக்கக் காட்டித் தந்த?”

“ஆரும் இல்ல ஐயா. நான் இடக்கை.”

“நீ இடக்கை எண்டு எனக்கும் தெரியுது. பிடிச்சபடி அசையாம நில்லு.”

சட்டைப் பையிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்தார். ஒரு முனையை வாளின் நுனியில் கட்டினார். பின்பிடியை நான் பிடித்திருக்க, அவர் நுனியை மெல்லத் தூக்கி என் பக்கமாக மடக்கினார். துள்ளினால் வாள் எந்த வழியில் வருமோ அந்த வழி. கயிறு நேராக வந்து என் கழுத்தின் இடப்பக்கத்தில் தொட்டது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு கைகளை மாற்றிப் பிடிக்கச் சொன்னார். வலக்கை பின்னால், இடக்கை முன்னால், இடக்கைப் பெருவிரல் வளையத்தைச் சுற்றி. மறுபடி நுனியைத் தூக்கினார். கயிறு என் வலத்தோளுக்கு வெளியால், ஒரு சாண் தள்ளிப் போனது.

“இந்த மிசினுக்கு உன்ட கை எது எண்டு தெரியாது தம்பி. அது வாற வழியில கழுத்து கிடக்கா எண்டதுதான் விசயம்.”

எனக்குக் கோபம் வந்தது. வாத்தியார் சொன்னார், தெரு சொன்னது, இப்போது ஜப்பானிலோ ஜேர்மனியிலோ செய்த ஒரு இரும்பும் என் கையை மாற்றச் சொல்கிறது.

“எல்லாரும் என்ட கைய மாத்தத்தான் சொல்றாங்க ஐயா. ஒரு நாளைக்காவது ஆராவது எனக்கேத்த மாதிரி எதையாவது மாத்தினாங்களா?”

அவர் கயிற்றைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“விசைய அமத்த ஒரு விரல் காணும். அதைச் சின்னப்பிள்ளையும் செய்யும். மிசினத் தாங்கிப் பிடிக்கிறதும் திருப்புறதும் துள்ளினா அடக்கிறதும் முன்கை. மத்தவனெல்லாம் பலமில்லாத கைய முன்னுக்கு வச்சிருக்கான். உன்ட நல்ல கை முன்னுக்குத்தான் வரப்போகுது. இதுக்குப் போய்ச் சண்டைக்கு வாறாய்.”

என் வாழ்க்கையில் இடக்கைக்கு நல்ல வார்த்தை சொன்ன முதல் ஆள் அவர்தான். அதையும் திட்டுகிற மாதிரித்தான் சொன்னார்.

இரண்டு கிழமை, பதினாலு நாளும், எனக்கு மரம் தரவில்லை. இலாகா வளவில் விழுந்து கிடந்த தென்னங்குற்றிகளை வட்டம் வட்டமாக அறுக்க விட்டார். கை பழைய பிடிக்கு ஓடும்போதெல்லாம் குடை தோளில் விழும். முதல் கிழமை நான் அறுத்த வட்டங்களில் ஒன்றுகூட ஒழுங்கான வட்டமில்லை. இரண்டாம் கிழமை முடிவில் அவர் ஒரு வட்டத்தை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கீழே வைத்தார். அடுத்த நாள் மரம் தந்தார். பாராட்டு என்பது அதுதான்.

இதெல்லாம் நடந்து ஏழெட்டு வருடத்துக்குப் பிறகு வந்தது அந்த ‘ஒன்று’.

மாரிகாலம். மூன்று நாள் விடாத மழை, அதற்குமேல் காற்று. மருதமுனையில் வீதியோரத்து வாகை ஒன்று வேரோடு சரிந்து ஒரு தறிக்கொட்டிலின் மேல் விழுந்துவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஊரே அந்தக் குறுகிய ஒழுங்கைக்குள் நின்றது. கொட்டிலுக்குள் ஆசியா ராத்தா இருந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க நெசவுக்காரி. கணவர் இல்லை. இரண்டு மகள்மாரும் மழைக்குள் நின்று குழறிக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய தறி குழித்தறி. தரையில் இடுப்பளவுக்கு ஒரு குழி வெட்டி, அதன் விளிம்பில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு மிதிக்கும் தறி. மரம் முறிகிற சத்தம் கேட்டவுடன் அந்த மனிசி குழிக்குள் இறங்கிக் குந்திவிட்டார். அதுதான் உயிரைக் காப்பாற்றியது. ஆனால் தறியின் சட்டமும் கூரை வளையும் குழிக்கு மேலே விழுந்து மூடிவிட்டன. ஒரு கால் மிதிபலகைக்குள் சிக்கிக்கொண்டது. அவற்றுக்கு மேலே வாகை. அதற்குள் மழைத்தண்ணீர் குழியில் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் போகும்போது குந்தியிருந்தவருக்கு அது இடுப்பைத் தாண்டிவிட்டது.

சிவபாதம் ஓவசியர் குப்புறப் படுத்து இடுக்கால் கேட்டார்:

“தங்கச்சி, கதைக்க ஏலுமா?”

“கதைக்க மட்டும்தான் ஏலும். வேறென்ன செய்ய இரிக்கி இதுக்குள்ள?” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். “மெதுவா வெட்டுங்க. ஆனா இண்டைக்கே வெட்டி முடிங்க.”

ஓவசியர் மூன்று தடவை சுற்றினார். தண்ணீர் ஏறுகிறது, மழை அடிக்கிறது, ஊர் கத்துகிறது, அந்த மனிதர் மூன்று தடவை சுற்றினார். மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் ஒழுங்கைக்குள் வராது. மரம் ஒரு பக்கம் வேர்க்கட்டியிலும் மறுபக்கம் சுவரிலும் தாங்கி, நடுவில் கொட்டிலின் மேல் தொய்ந்து கிடந்தது. அப்படிக் கிடக்கிற மரத்தின் மேற்பக்கம் நெரிபட்டிருக்கும், கீழ்ப்பக்கம் வில் மாதிரி இழுபட்டிருக்கும். மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால் வாளைக் கவ்விக்கொள்ளும். முதலில் மேலே கொஞ்சம் வெட்டி, பிறகு கீழேயிருந்து மேல்நோக்கி வெட்டி முடிக்க வேண்டும். அதற்கு முன் துண்டு உள்ளே இறங்காதபடி தென்னங்குற்றிகளால் முட்டுக்கொடுக்க வேண்டும். முட்டுக்கொடுத்தோம்.

பிரச்சினை நிற்கிற இடத்தில் இருந்தது. நாங்கள் போகக்கூடிய பக்கத்தில் நின்றால், மாற்றிப் பிடித்தால்தான் வாள் மரத்துக்கு எட்டும். சரியான பிடியில் வெட்ட மறுபக்கம் போக வேண்டும். அங்கே பாதி இடிந்த சுவரும் கூரைத் தகரமும். அதை உடைத்து விலக்கப் பத்துப் பதினைந்து நிமிடமாவது ஆகும்.

அந்த நேரத்தில்தான் எங்கள் அப்போதைய தொழில்நுட்ப அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். எல்லோரும் ‘டீ.ஓ.’ என்போம். சப்பாத்தில் சேறு படாமல் நடப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கூட ஒரு பத்திரிகை நிருபரும் இருந்தார்.

“என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறீங்க? வெட்டுங்க!”

“அந்தப் பக்கம் போகணும் சேர். சுவர உடைக்கணும்” என்றேன்.

“தண்ணி ஏறுது மனிசா! நீ இடக்கையன் தானே? இடக்கையால வெட்டு!”

என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு அதிகாரி என்னை இடக்கையைப் பாவிக்கச் சொன்னார். வாத்தியார் பார்த்திருக்க வேண்டும்.

சனமும் அதையே பிடித்துக்கொண்டது. “மத்தக் கையால வெட்டுங்க!” மகள்மாரில் மூத்தவள் வந்து என் சட்டையைப் பிடித்தாள். “காக்கா, வெட்டுங்களேன். உம்மா சாகப்போறா காக்கா.” எனக்கும் கை ஓடியது. பொய் சொல்லமாட்டேன். நாலு வருடம் பழகிய பிடி அது, உடம்பு மறக்கவில்லை. மாற்றிப் பிடித்துக் குனிந்துகூட விட்டேன். அவள் சொல்வது பிழையும் இல்லையே. உள்ளே இருப்பது அவளுடைய உம்மா.

ஓவசியரைப் பார்த்தேன். அவர் குடையை அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தார். இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரை இடிக்கத் தொடங்கினார். ஐம்பத்தைந்து வயதில், அந்த ஒல்லி உடம்போடு. அவர் இரண்டு போடு போட்டதும் எங்கள் ஆட்கள் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டார்கள். ஊர்க்காரர்களும் வந்தார்கள். தகரத்தைக் கையாலேயே இழுத்தெறிந்தார்கள்.

சுவர் விழுந்து வழி கிடைத்தபோது தண்ணீர் அந்த மனிசியின் நெஞ்சுக்கு வந்திருந்தது. குரல் இப்போது வேறு மாதிரி. கலிமா சொல்லிக்கொண்டிருந்தார். நான் மரத்துக்கு அருகே போய் நின்றேன். ஓவசியர் மூச்சிரைக்க முன்னால் வந்து நின்று அந்தக் கேள்வியைக் கேட்டார். காட்டினேன். நடந்தும் காட்டினேன். டீ.ஓ. தலையில் கைவைத்தார்.

மேல்வெட்டு பிழையில்லாமல் போனது. கீழ்வெட்டில் பாதி போயிருப்பேன். மரத்துக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தகரத்துக்குள் ஒரு கொப்பு மறைந்திருந்தது. வாளின் நுனி அதில் முட்டியது.

துள்ளுவதை எழுத்தில் சொல்ல முடியாது. ‘முட்டியது’ என்று நான் எழுதி முடிப்பதற்குள் அது வந்து போய்விடும். மிசின் என் கைக்குள்ளிருந்து எழும்பி முகத்துக்கு வந்தது. இடக்கை மணிக்கட்டு தட்டில் இடிபட்டது. ஒரு ‘டக்’. வாள் வலத்தோளுக்கு வெளியால் போய் சட்டையின் தோளைக் கிழித்துக்கொண்டு நின்றது. சங்கிலி ஓடவில்லை. தோலில் ஒரு கீறல்கூட இல்லை.

நான் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். கழுத்தின் இடப்பக்கத்தை.

உள்ளேயிருந்து குரல் வந்தது: “ஏன் நிப்பாட்டின? தம்பி, இரிக்கிங்களா?”

“இரிக்கன் ராத்தா” என்றேன்.

கொப்பை விலக்கினார்கள். பிறேக்கை விடுவித்து, கீழ்வெட்டை முடித்தேன். துண்டு முட்டில் உட்கார்ந்தது. ஆறு பேர் சேர்ந்து வளையைத் தூக்க, ஓவசியர் குழிக்குள் இறங்கி மிதிபலகையை உடைத்து அந்தக் காலை விடுவித்தார். ஆசியா ராத்தாவை வெளியே எடுத்தபோது அவர் முதலில் பார்த்தது தறியைத்தான். “நெஞ்ச பாதிச் சாரம் போச்சு” என்றார். பிறகுதான் மகள்மாரைக் கட்டிப்பிடித்து அழுதார்.

அடுத்த கிழமை பத்திரிகையில் படம் வந்தது. ‘பெண்ணை மீட்ட அதிகாரி.’ எங்கள் டீ.ஓ. மிசின் வாளை ஏந்தி நின்றார். இடக்கை பின்பிடியில், வலக்கை முன்பிடியில், வாள் நேரே தன் முகத்தைப் பார்த்தபடி. நல்லவேளை, வாளின் உறையைக் கழற்றியிருக்கவில்லை.

அதே கிழமை எனக்கு விளக்கம் கோரிக் கடிதம் வந்தது. மூன்று கேள்விகள். அவசர வேளையில் தாமதித்தது ஏன்? இயந்திரம் கட்டுப்பாட்டை இழந்தது ஏன்? அரச சீருடைச் சட்டை கிழிந்தது ஏன்? நான் நடந்ததை நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பிறகு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். முடிவு வரும்வரை, ஆறு கிழமை, மிசினைத் தொடக்கூடாது என்று வீதியில் சிவப்புக்கொடி பிடிக்க விட்டார்கள்.

விசாரணை அதிகாரி வெளியூரிலிருந்து வந்தவர். அவருக்கு முன்னால் டீ.ஓ.வின் அறிக்கை இருந்தது. ‘இடதுகைப் பழக்கம் காரணமாக ஊழியர் தாமதித்தார், அதே காரணத்தால் இயந்திரம் துள்ளியது.’ ஓவசியர் சாட்சி சொன்னார். ஓவசியர் என் மேலதிகாரி என்பதால் அவர் சாட்சியம் பக்கச்சார்பு என்று குறித்தார்கள். அப்போது கதவைத் திறந்துகொண்டு ஆசியா ராத்தா உள்ளே வந்தார். காலில் கட்டு, கையில் ஒரு தடி, இரண்டு பக்கமும் மகள்மார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

“நீங்க ஆரு?” என்றார் அதிகாரி.

“இவ்வளவு நேரமும் நீங்க ஆரப்பத்திக் கதைச்ச? அந்தப் பொம்புள நான்தான்.”

அதிகாரி கதிரை கொடுக்கச் சொன்னார். பிறகு பேனையைத் திறந்துகொண்டு கேட்டார்:

“அவர் எந்தக் கையால வெட்டினார் எண்டு கண்டீங்களா?”

“குழிக்குள்ள இருந்தவளுக்குக் கை எப்படித் தெரியும்? எனக்கு மிசின்ட சத்தம்தான் கேட்ட. ஒருக்கா அது ஊளையிட்டு டக்கெண்டு நிண்ட. அது நிண்டதாலதான் அந்த மனிசன் உசிரோட இரிக்காரு. அவரு உசிரோட இருந்ததாலதான் மிச்சத்த வெட்டினாரு. மிச்சத்த வெட்டினதாலதான் நான் இஞ்ச வந்திரிக்கன். இதுக்குள்ள தாமதம் எங்க இரிக்கி சேர்?”

மூத்த மகள் தலை குனிந்து நின்றாள். “நான்தான் அவர அவசரப்படுத்தின” என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

முடிவு ஒரு மாதத்தில் வந்தது. நான் குற்றமற்றவன். மிசினைத் திரும்பக் கொடுக்கலாம். கடைசி வரி மட்டும் இப்படி இருந்தது: ‘எனினும், எதிர்காலத்தில் ஏனைய ஊழியர்களைப் போல இயந்திரத்தைப் பிடிக்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்.’ அப்படிப் பிடித்ததற்காகத்தானே ஐயா எனக்கு விசாரணையே வைத்தீர்கள் என்று கேட்க ஆசைதான். கேட்டால் இன்னொரு விசாரணை.

அன்று மாலை ஓவசியர் என்னைக் கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க்கடைக்குக் கூட்டிப்போனார். அதுவரை அவர் எங்கள் யாரோடும் தேநீர் குடித்ததில்லை. தேநீர் வந்தது. பிறகு, “அந்தக் கயிறு நான் படிச்ச பாடம் இல்ல தம்பி” என்றார்.

இங்கே வருவதற்கு முன் திருக்கோவில் பக்கம் வேலை செய்திருக்கிறார். அவரிடம் ஒரு இடக்கைக்காரன் இருந்தானாம்.

“அவனும் உன்ன மாதிரித்தான், மாத்திப் பிடிச்சான். நல்லா வெட்டுவான். கெதியா வெட்டுவான். எனக்கு வேல முடியுது. மூண்டு வருசம் நான் பக்கத்துல நிண்டு பார்த்துக்கிட்டு இருந்தன். ஒரு நாள் துள்ளிற்று. நான்தான் அவனத் தூக்கின. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சிற்று. மரம் விழுந்து செத்தான் எண்டு எழுதினாங்க. நானும் ஒப்பம் வச்சன். அப்படி எழுதினாத்தான் குடும்பத்துக்குக் கரைச்சல் இல்ல எண்டாங்க.”

தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. அவர் அதைக் குடிக்கவில்லை. நானும் அந்த மனிதனின் பெயரைக் கேட்கவில்லை. கேட்கிற நேரமாக அது தெரியவில்லை.

இவ்வளவையும் எழுதி முடித்த பிறகுதான் பர்ஹானா மிஸ்ஸின் படிவத்தை மறுபடி எடுத்தேன். ‘சம்பவங்கள்: ஒன்று.’ ஒருவனுக்கும் கீறல் படாத என் கதை பதிவில் இருக்கிறது. செத்தவன் பதிவில் இல்லை. இதை வைத்துத்தான் நவாஸ் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்.

அடுத்த நாள் மோட்டார் சைக்கிளில் காரைதீவுக்குப் போனேன். ஓவசியருக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. காது மந்தம். என்னைக் கண்டதும், “மிசின ஆருட்ட குடுத்திற்று வந்தாய்?” என்றார். நான் ஓய்வு பெற்றதை மறந்துவிட்டார். சுற்றறிக்கையை வாசித்துக் காட்டினேன். பிறகு அந்தப் பெயரைக் கேட்டேன். யோசிப்பார் என்று நினைத்தேன். கேள்வி முடியுமுன்னே சொன்னார்.

“தங்கராசா. வினாயகபுரம். பொஞ்சாதி பேர் ராணி.”

“இதுல எழுதவா ஐயா? நீங்க ஒப்பம் வச்சது வெளியில வரும்.”

“வரட்டும்” என்றார். “நானும் ஒரு கடிதம் தாறன். பென்சில எடு.”

இரண்டு கடிதங்களையும் பர்ஹானா மிஸ்ஸிடம் நேரிலேயே கொடுத்தேன். படிவத்தின் பெயர் நிரலில் முதல் வரியில் தங்கராசா என்று எழுதியிருந்தேன். இரண்டாவது வரியில் என் பெயர். மிஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“காக்கா, முதல் பேர் ஆரு? எங்கட பதிவில இல்லையே.”

“அதுக்குத்தான் மிஸ் எழுதின.”

அவர் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, கடிதங்களை மேலிடத்துக்கு அனுப்பினார். தான் செய்ய வேண்டியதை அனுமதி வரும்வரை வைத்திருக்கவில்லை. அடுத்த நாளே மிசின் வாள் பிடிக்கும் ஒன்பது பேரையும் வளவில் வரிசையாக நிறுத்தி, சணல் கயிறு கட்டிப் பார்த்தாராம். வலக்கைக்காரர் மூன்று பேர் முன்பிடியில் பெருவிரலைச் சுற்றாமல் சும்மா மேலே வைத்திருந்தார்கள். நவாஸிடம் பிழை எதுவும் இல்லை.

நேற்றுத் திருத்திய சுற்றறிக்கை வந்தது. எந்தக் கைக்காரரானாலும் வலக்கை பின்னால், இடக்கை முன்னால். வருடாவருடம் பிடியைப் பரிசோதிக்க வேண்டும். மீளப்பெற்ற இயந்திரங்களைத் திருப்பிக் கொடுக்கவும். நவாஸ் இன்று பாண்டிருப்பில் ஒரு வேம்பு வெட்டுகிறார். இணைப்பில், ‘பதிவான சம்பவங்கள்: இரண்டு. மரணம்: ஒன்று’ என்றிருந்தது. பெயரைத்தான் பிழையாக அடித்திருந்தார்கள். தங்கராசா தங்கராசு ஆகியிருந்தார்.

நான் போய்க் காட்டியதும் பர்ஹானா மிஸ் அலுவலகப் பிரதியை எடுத்து, அந்த எழுத்தைப் பேனையால் வெட்டித் திருத்தி, ஓரத்தில் தன் சுருக்கொப்பத்தை வைத்தார். பிறகு ராணி என்பவருக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்று சொல்லி, வினாயகபுரத்துக்குப் போகும் வழியை என்னிடம் கேட்டார்.